வானத்தை அளந்த அன்னா மணி



எண்ணூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏத்தியாச்சு என்று ரேடியோவில் சொன்னால் எங்கள் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிடுவார். அன்றைக்கு வருமானம் கிடையாது. அப்படியென்றால் கூண்டு ஏத்தச் சொல்கிறவர்களின் கணக்கு சரியாக இருக்கணும் இல்லையா? காற்றழுத்தம், ஈரம், வெப்பம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்துதான் சொல்கிறார்கள். அந்தக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழி பண்ணியவர் ஒரு பெண். அவர் பெயர் அன்னா மணி.

அவர் 23-8-1918 அன்று திருவிதாங்கூரில் பீர்மேடு என்ற மலை ஊரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா இன்ஜினியர், ஏலக்காய்த் தோட்டமும் இருந்தது. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்கள். தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாதான் வேணும் என்று சொல்லிவிட்டாராம்! எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் இரண்டும் கிடைக்காது.

1939-ல் சென்னையில் பட்டம் வாங்கி, 1940-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அங்கே என்ன வேலை தெரியுமா? வைரம்! வேண்டாம் என்று சொன்ன அதே வைரம். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களில் ஒளியைச் செலுத்தி, எந்த நிறம் வெளியே வருது, எந்த நிறம் உள்ளேயே விழுங்கப்படுது என்று படம் பிடிக்கணும். ஒரு படம் பதிய 15 மணி, 20 மணி நேரம்கூட ஆகும். ராத்திரி எல்லாம் கண் விழித்திருக்கிறார். தனியாகவே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

1945-ல் ஆய்வேட்டை எழுதி சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். டாக்டர் பட்டம் தரவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்பதுதான் காரணம். அத்தனை ராத்திரி கண் விழித்ததைப் பார்க்காமல் ஒரு சர்ட்டிபிகேட்டைக் கேட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. அவர் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் இருக்கிறது.

அதே வருஷம் அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை. ஆனால் உதவித்தொகை இருந்தது வானிலைக் கருவிப் படிப்புக்கு மட்டும்தான். சரி என்று அதையே படித்தார். 1948-ல் திரும்பி வந்து புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். அதற்கு முன்னாடி மழைமானி, வெப்பமானிகூட இங்கிலாந்திலிருந்துதான் வந்தது. இவர் சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் தயார் செய்து இங்கேயே செய்ய வைத்தார். 1953-ல் அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருக்கலாம் என்பது அவர் கொள்கை. 1963-ல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை நிலையம் அமைத்தார். பலூனில் கட்டி அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியும் அவர் காலத்தில் இங்கேயே உருவானது. 1976-ல் ஓய்வு பெற்றார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை, காற்றாலை வைக்க 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் வேலையை நடத்தினார். 16-8-2001 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

இப்போது வானத்தை மேலே இருந்தும் அளக்கிறார்கள். நீராவியில்கூட கனம், லேசு என்று உண்டு. சுமார் 3,200 நீர் மூலக்கூறில் ஒன்றில் ஒரு ஹைட்ரஜன் மட்டும் இரண்டு மடங்கு கனமாக இருக்கும். அதுக்கு டியூட்டீரியம் என்று பெயர். கனமானது சீக்கிரம் மழையாக விழுந்துவிடும். பெய்யப் பெய்ய, மிச்சம் இருக்கும் ஆவி லேசாகிக்கொண்டே போகும். அதனால் ஆவி எவ்வளவு கனம் என்று பார்த்தால், அது இப்போதுதான் கடலிலிருந்து கிளம்பியதா, வழியிலேயே மழை பெய்துவிட்டு வந்ததா என்று ஊகிக்கலாம். நம் துறைமுகக் கட்டிடத்தின் மேல் 2002-ல் வைத்த ரேடார் மழைத்துளியைத்தான் பார்க்கும், ஆவியைப் பார்க்காது.

2017-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய சென்டினல்-5பி செயற்கைக்கோள் ஆவியைப் பார்க்கிறது. பூமியில் பட்டுத் திரும்பும் வெயிலில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் எந்தப் பகுதி குறைகிறது என்று பார்க்கிறது. கன ஆவி விழுங்குவது ஒன்று, சாதா ஆவி விழுங்குவது வேறு. அன்னா மணி கன நீராவியை அளந்தவர் இல்லை. ஆனால் வைரத்தை வைத்து ராத்திரி முழுக்க அவர் பார்த்ததும் இதே மாதிரி விஷயம்தான். செயற்கைக்கோள் சொல்வதையும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். தரையில் வைத்திருக்கும் கருவி சொல்வதோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி