ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கிய வக்கீல்... பம்மல் சம்பந்த முதலியாரைத் தெரியுமா?

ஹைதர் படம் பார்த்திருக்கீங்களா? 2014-ல விஷால் பரத்வாஜ் எடுத்தது. டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டை நேரா காஷ்மீருக்குக் கூட்டிட்டு வந்துட்டார்னு நாடே கொண்டாடுச்சு. ஆனா அதுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாடியே ஒரு தமிழ் வக்கீல் இதே வேலையைச் செஞ்சு முடிச்சிருந்தார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

பம்மல்னா கமல் படம் மட்டும்தான் ஞாபகம் வருதா? அப்போ இந்தக் கதை உங்களுக்குத்தான்.

தமிழ் நாடகம் பிடிக்காத பையன்!

1873-ல சென்னையில பிறந்தவர் சம்பந்தம். அப்பா விஜயரங்க முதலியார் கல்வித் துறை அதிகாரி. வீட்டுல புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கில இலக்கியத்தை ரசிச்சு வளர்ந்த பையனுக்குத் தமிழ் மேடை மேல பெரிய மரியாதை கிடையாது. காரணமும் இருந்தது. அன்னிக்கு நாடகம்னா விடிய விடிய பாட்டு. நடிக்கிறவங்களை ஊர் கூத்தாடின்னு ஏளனமா பேசும். படிச்ச குடும்பத்துப் பையன் அந்தப் பக்கமே போகக் கூடாது.

1891-ல பெல்லாரியில இருந்து ஒரு குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. நடிச்சவங்க எல்லாரும் படிச்சவங்க, உத்தியோகத்துல இருக்கிறவங்க. அதைப் பார்த்த 18 வயசு சம்பந்தத்துக்கு ஒரே கேள்விதான்: இதைத் தமிழ்ல ஏன் செய்ய முடியாது? அதே வருஷம் ஜூலை மாசம் நண்பர்களோட சேர்ந்து சுகுண விலாச சபாவை ஆரம்பிச்சுட்டார்.

பின்னாடி சட்டம் படிச்சு வக்கீலானார், நீதிபதியாவும் இருந்தார். பகல்ல கோர்ட், சாயங்காலம் ஒத்திகை. இப்படியே ஓடின வாழ்க்கையில எழுதின நாடகங்கள் 90-ஐத் தாண்டும். பாட்டைக் குறைச்சார், வசனத்தை முன்னால கொண்டு வந்தார், விடிய விடிய ஓடினதைச் சில மணி நேரத்துக்குள்ள அடக்கினார். வக்கீல்களும் அதிகாரிகளும் மேடை ஏற ஆரம்பிச்சாங்க. நம்ம கோயம்புத்தூர்க்காரர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் அந்த சபாவோட தொடர்புல இருந்தவர்தான்.

பெண்கள் மேடை ஏறாத காலம் அது. சபாவின் நாயகி வேஷங்களைக் கட்டினவர் ரங்கவடிவேலு. பம்மலுக்கு உயிர் நண்பர். யார் நடிக்கப்போறாங்கன்னு மனசுல வெச்சுக்கிட்டே பாத்திரங்களை எழுதுறது பம்மலோட பழக்கம். அதனாலதான் அவர் வசனங்கள் படிக்கிறதைவிடப் பேசும்போது நல்லா இருக்கும்.

பெயர் மாத்தினா போதுமா?

ஷேக்ஸ்பியரை அவர் தமிழாக்கின விதத்தைப் பாருங்க. ஹாம்லெட், அமலாதித்யன் ஆனான். ஓபிலியா, அபலை. மேக்பெத், மகபதி. காதுல விழுற ஒலியும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா ஒவ்வொண்ணும் நம்ம பக்கத்துப் பெயராவே இருக்கு. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அபலைங்கிற பெயரைவிடப் பொருத்தமா வேற என்ன வைக்க முடியும்?

வெனிஸ் நகர வியாபாரி, வாணீபுர வணிகன் ஆனார். வெனிஸும் தெரியுது, வாணிபமும் தெரியுது. சிம்பலின் நாடகத்தின் பெயர் சிம்ஹளநாதன். பிரிட்டன் ஒரு தீவு. அதுக்குப் பதிலா நமக்குத் தெரிஞ்ச தீவு. ஒரே சொல்லுல பெயரும் வந்தாச்சு, ஊரும் வந்தாச்சு.

பெயர் மட்டும் மாறியிருந்தா அது வெறும் மொழிபெயர்ப்பு. கதை நம்ம ஊர்ல நடந்தா பார்க்கிறவனுக்கு எங்கே சுருக்குன்னு குத்தும்னு யோசிக்கிறதுதான் தழுவல். ஹாம்லெட்டையே எடுத்துக்கோங்க. அப்பா செத்த கொஞ்ச நாள்ல அம்மா சித்தப்பாவைக் கட்டிக்கிறாங்க. விதவை மறுமணத்தை ஏத்துக்கவே தயங்கின அன்றைய சென்னை சபையில அந்தக் காட்சி இங்கிலாந்தைவிடப் பல மடங்கு பலமா அடிச்சிருக்கும். மொழி மாறும்போது கதையின் எடையும் மாறும். அது பம்மலுக்குத் தெரிஞ்சிருந்தது.

ஷேக்ஸ்பியரோட அவர் நிக்கலை. பிரெஞ்சு மோலியரோட நகைச்சுவையைக் காளப்பன் கள்ளத்தனமா கொண்டு வந்தார். சமஸ்கிருதத்துல இருந்து ஹர்ஷரோட ரத்னாவளி, காளிதாசரோட மாளவிகாக்னிமித்ரம் வந்தது. பொய்யே சொல்லாத அரிச்சந்திரனைத் திருப்பிப் போட்டு, உண்மையே பேசாத சந்திரஹரியை எழுதினார். இன்னிக்கு ஸ்பூஃப்னு சொல்றோமே, அதேதான்.

தழுவினவரையே தழுவினாங்க!

பம்மல் சொந்தமா எழுதின மனோகரா எத்தனையோ நாடகக் குழுக்களுக்குச் சோறு போட்ட நாடகம். 1936-ல படமானப்போ அவரே ராஜா வேஷத்துல நடிச்சார். 1954-ல ஜூபிடர் பிக்சர்ஸ் அதே கதையை மறுபடி எடுத்தது. வசனம் கலைஞர், மனோகரன் சிவாஜி. சங்கிலியோட நிக்கிற சிவாஜியை இன்னிக்கும் யூடியூப்ல பார்க்கலாம். அந்த வசனத்துல பம்மலோட காலத்து மொழி இல்லை. 1954-ன் அரசியல் சூடு இருக்கு. ஷேக்ஸ்பியருக்கு பம்மல் செஞ்சதைத்தான் பம்மலுக்குக் கலைஞர் செஞ்சார். அப்போ பம்மலுக்கு வயசு 81.

இதுல நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. கலைஞர் வசனம் எழுதி, எம்.ஜி.ஆர் முதல்முறையா நாயகனா நடிச்ச ராஜகுமாரி, 1947-ல சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில உருவான ஜூபிடர் படம். ரெண்டு வருஷம் கழிச்சு அதே நிறுவனம் எடுத்த கன்னியின் காதலி, ஷேக்ஸ்பியரோட ட்வெல்த் நைட் நாடகத்தின் தழுவல். கண்ணதாசன் பாட்டெழுதின முதல் படமும் அதுதான்.

1959-ல பம்மலுக்கு பத்மபூஷண் கிடைச்சது. 1964-ல மறைந்தார். நாடக மேடை நினைவுகள்ங்கிற அவரோட புத்தகம், தமிழ் மேடை எப்படி வளர்ந்ததுன்னு தெரிஞ்சுக்க விரும்புற யாருக்கும் இன்னிக்கும் நல்ல வழிகாட்டி.

சரி, இதெல்லாம் இப்போ எதுக்கு? காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஷேக்ஸ்பியரைப் போடுறவங்க பலர் பழைய ஆங்கிலத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதோட நிறுத்திடுறாங்க. பம்மல் வழியில ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. லியர் மகாராஜா மூணு பொண்ணுங்கள்ல ரெண்டு பேருக்கு மட்டும் நாட்டைப் பிரிச்சுக் கொடுத்துட்டு நடுத்தெருவுக்கு வர்றார். அவரைப் பொள்ளாச்சி பக்கத்து தென்னந்தோப்புல உட்கார வைங்க. பாகம் பிரிக்க வேண்டியது நிலம், கிணறு, வாய்க்கால் தண்ணி முறை. அப்பாவைப் புகழ்ந்து பேசுற பொண்ணுக்குக் கிணத்தடிக் காடு. வாயைத் திறக்காத கடைசிப் பொண்ணுக்கு ஒண்ணுமில்லை. பார்க்க வர்ற ஒவ்வொரு வீட்டுலயும் இதே மாதிரி ஒரு பாகப்பிரிவினைக் கதை இருக்கும். அரங்கம் கப்சிப்னு ஆயிடும்.

பழைய நாடகத்துக்கு உரிமைக் கட்டணமும் கிடையாது. அந்த லியருக்கு கொங்கு நாட்டுல என்ன பெயர் வைக்கலாம்னு மட்டும் யோசிங்க. மத்ததெல்லாம் ஒத்திகையில வந்துடும்.