இரண்டாவது கையொப்பம்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் தேதி நம் தேசத்தில் விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. உளுந்தூர்பேட்டைப் பள்ளிக்கூடமாயினும் சென்னைக் கலாசாலையாயினும் அன்று மேடையில் ஒலிக்கும் பெயர் ஸர் சி. வி. ராமனுடையது. அது முற்றிலும் நியாயமே. ஆனால் 1928 மார்ச் 31ஆம் தேதி லண்டன் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான அந்தச் சிறு குறிப்பின் கீழ் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயருக்கு உரியவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன். அவரைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது சொற்பம்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் தேதி அவர் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்று, பின்னதிலேயே ரஸாயனச் சோதனைகளைச் செய்து காட்டும் சிறு உத்தியோகத்தில் அமர்ந்தார். பகல் உணவு வேளையில் எந்த மாணவனும் எந்த விஞ்ஞானக் கேள்வியையும் அவரிடம் கேட்கலாம் என்பது அங்கே வழக்கமாயிற்று. அந்த உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தா சென்ற அவர், 1923இல் ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

1928 பிப்ரவரித் தொடக்கத்தில் நடந்தது என்ன என்பதை அவரது நாட்குறிப்பே நமக்குக் காட்டுகிறது. சில காலமாக ஏட்டுக் கணக்கிலேயே ஆழ்ந்திருந்த அவரை ராமன் மீண்டும் பரிசோதனைக்கு அழைத்தார். சூரிய ஒளியைக் குவித்து, சுத்திகரித்த திரவங்களின் வழியே செலுத்தி, பக்கவாட்டில் சிதறும் மங்கலான ஒளியை இருட்டறையில் கண்ணால் ஆராய வேண்டும். கிருஷ்ணன் திரவம் திரவமாகப் பார்த்தார்; ராமன் வந்து சரிபார்த்தார். மாதம் முழுவதும் இப்படியே சென்றது. 27ஆம் தேதி கிருஷ்ணன் வீட்டில் வைதிகச் சடங்கு. அவர் ஆராய்ச்சிக் கூடம் செல்லவில்லை. மறுநாள் பிற்பகலில்தான் சென்றார். நீல வடிகட்டியோடு யுரேனியக் கண்ணாடியையும் சேர்த்து, உள்ளே புகும் ஒளியின் நிற எல்லையைச் சுருக்கி, நிறமாலை காட்டியில் பார்த்தபோது, புகுந்த ஒளிக்கும் மாறிய ஒளிக்கும் நடுவே ஓர் இருண்ட இடைவெளி தெரிந்தது. ஐயம் தீர்ந்தது.

1930இல் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. தம் பரிசுச் சொற்பொழிவில் அவர் கிருஷ்ணன் பெயரைச் சொல்லத் தவறவில்லை. 1921 முதல் அக்கேள்வியை விடாது துரத்தியவர் ராமனே என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், நீதிமன்றத்தில் பழகியவர்க்குத் தெரியும்: பத்திரத்தில் இரண்டு கையொப்பம் இருக்க, ஒன்றை மட்டும் வாசிப்பது முழு வாசிப்பு ஆகாது.

1928 டிசம்பரிலேயே கிருஷ்ணன் டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்றுவிட்டார். பிறர் புகழில் பங்கு கேட்டுக் காலம் கழிக்காமல், முற்றிலும் வேறொரு துறையைத் தொடங்கினார் என்பதே அவர் பெருமை. ஒரு படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தத்தின் நடுவே நிறுத்தினால் அது ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பி நிற்க முயலும். இழையை முறுக்கி அந்த முயற்சியின் அளவைக் கண்டால், உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை ஊகிக்கலாம். செலவு அதிகமில்லாத கருவி. நுட்பமோ மிக உயர்ந்தது. இங்கிலாந்தில் படிக ஆராய்ச்சியில் சிறந்து விளங்கிய காத்லீன் லான்ஸ்டேல் அம்மையார் 1936இல் அவருடன் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். 1940இல் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

இன்று அணுக்கரு பௌதிகத்தில் உழைப்பவராயினும் வேறு துறையினராயினும், எத்தனை கட்டுரைகள் பிரசுரித்தார், அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று எண்ணியே மதிப்பிடுகிறார்கள். உத்தியோகமும் மானியமும்கூட அந்த எண்ணைப் பார்த்தே தரப்படுவதுண்டு. அக்கணக்கைத் தொகுக்கும் அமெரிக்க அட்டவணை 1964இல்தான் வெளிவந்தது. 2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கும் முறையையும் வகுத்தார். கணக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஓர் உண்மை பொதுச்சொத்தாகிவிட்டால் அதை முதலில் கூறிய கட்டுரையை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. ராமன் விளைவை நித்தம் கையாளும் ரஸாயனக் கூடங்களில் 1928ஆம் ஆண்டுக் குறிப்பைச் சுட்டுவோர் எத்தனை பேர்? ராமனுக்கு அதனால் நஷ்டமில்லை. விளைவே அவர் பெயரைச் சுமக்கிறது. கிருஷ்ணனோ கணக்கிலும் இல்லை, பெயரிலும் இல்லை. பாடநூல் எழுதுவோர் ஒரே ஒரு வரி சேர்த்தால் இக்குறை தீரும்.

1942இல் அலகாபாத்தில் பேராசிரியரானார். 1946இல் ஸர் பட்டம் பெற்றார். சுதந்திரம் வந்ததும் டில்லித் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் டைரக்டராகப் பொறுப்பேற்றார். 1948 ஆகஸ்டில் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது, ஹோமி பாபா தலைமையில் இருந்த மூவரில் பட்நாகருடன் இவரும் ஒருவர். நிர்வாகச் சுமையின் நடுவிலும் சோதனையைக் கைவிடவில்லை. சூடேறிய உலோகங்களிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுவதைப் பற்றி இளைஞர்களுடன் ஆராய்ந்துவந்தார். டைரக்டராக இருக்கும்போதே, 1961 ஜூன் மாதத்தில் டில்லியில் காலமானார்.