பட்டம் எடைக்கா, நிறத்துக்கா?

மாணவ நண்பர்களே! ஒரு எடைக்கு ஒரு சாம்பியன்தானே இருக்கணும்? ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ஒரு காலத்தில் நிறத்துக்கு ஒரு சாம்பியன் இருந்தார். அந்தக் குழப்பத்தோடு போராடிய ஜாக் ஜான்சனை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன்.

1878-இல் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மகனாகப் பிறந்தார். 1903-இல் கறுப்பர்களுக்கென்று இருந்த தனிப் பட்டத்தை வென்றார். உலக சாம்பியன் ஜெஃப்ரீஸோ, கறுப்பரோடு பட்டத்துக்கு மோத மறுத்து, 1905-இல் ஓய்வு பெற்றுவிட்டார். பட்டம் கைமாறி டாமி பர்ன்ஸிடம் போனது. ஜான்சன் விடுவாரா? சிட்னி வரை துரத்திப் போய், 1908-இல் அதைப் பறித்தார். 1910-இல் மீண்டும் களமிறங்கிய ஜெஃப்ரீஸையும் சாய்த்தார்.

பொறுக்கவில்லை. வெள்ளையருக்கு மட்டும் தனிப் பட்டம் ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள்! 1913-இல் லூதர் மெக்கார்ட்டி, ஜான்சனோடு மோதாமலே அதற்குச் சாம்பியன்! அதே ஆண்டு, வெள்ளைக்காரப் பெண்ணை மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துப் போனார் என்று ஜான்சனுக்குச் சிறைத்தண்டனை. நாட்டைவிட்டே வெளியேறினார். 1915-இல் ஹவானாவில் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார்.

இன்னொன்றும் சொல்லணும். பட்டம் கையில் இருந்தபோது, கறுப்பு வீரர் சாம் லாங்ஃபோர்டுக்கு ஜான்சனும் வாய்ப்புத் தரவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

1946-இல் கார் விபத்தில் இறந்தார். 2018-இல்தான் அமெரிக்க அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. தராசு எடையை மட்டும்தான் காட்டும் நண்பர்களே. நிறம் பார்த்தது மனுஷன்தான்!