கிரீடத்துக்குக் கீழே ஒரு வாட்ச் மெக்கானிக்

ஸ்கூல் என்.சி.சி.யில் இருந்த காலம் முழுக்க என் தோளில் ஏறியது ஒரே துப்பாக்கிதான். போடியில் மலைக்காத்து இறங்குற சாயங்கால நேரத்துல, கிட்டத்தட்ட நாலு கிலோ இரும்பையும் மரத்தையும் தூக்கிக்கிட்டு நிப்போம். பேரலில் துளை போட்டு, ஃபயரிங் பின்னைக் கழற்றி, டி.பி. என்று முத்திரை குத்தியிருந்தார்கள். டிரில் பர்பஸ், அதாவது இனி இது சுடாது.

வலப்பக்கம், போல்ட் கைப்பிடிக்குக் கீழே அதோட ஜாதகம் இருந்தது. ஒரு கிரீடம், ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1943, நம்பர் 1 மார்க் 3, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஜி.ஆர்.ஐ. என்பது லத்தீன் சுருக்கம்: ஜார்ஜ், அரசர், பேரரசர். நட்சத்திரம் அழகுக்காக இல்லை. முதல் உலகப்போரில் சீக்கிரமா, நிறைய செய்யணும்னு சில பாகங்களை வெட்டிவிட்டதுக்கான அடையாளம். டிசைன் செய்தவர் பெயர் மட்டும் அதில் இல்லை. அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் எல்.இ. என்று இருக்கும், லீ-என்ஃபீல்டு. 1926-ல் பெயர்களை நம்பராக மாற்றியபோது அந்த எல்-லும் போய்விட்டது.

அந்த எல் தான் ஜேம்ஸ் பாரிஸ் லீ. 1831-ல் ஸ்காட்லாந்தின் ஹாவிக்கில் பிறந்தார். சின்ன வயசிலேயே குடும்பம் கனடாவின் கால்ட் என்ற ஊருக்குப் போனது. அப்பா கடிகாரம் செய்பவர், பையனும் அதே தொழில் கற்றான். பன்னிரண்டு வயசில், அப்பாவிடம் கிடந்த பழைய கைத்துப்பாக்கிக்குத் தானே கட்டை செதுக்கி ஒரு துப்பாக்கி பண்ணினான். ஆர்வக்கோளாறு! பிறகு ஒருமுறை தன் காலிலேயே சுட்டுக்கொண்டு ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தான். அப்படியும் விடவில்லை.

பெரியவராகி அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாட்ச் கடை வைத்தார். உள்நாட்டுப் போர் வந்தது. பின்பக்கமாகக் குண்டு போடும் முறைக்கு 1862-ல் காப்புரிமை வாங்கி, கடைசியில் ராணுவத்திடம் 1000 கார்பைன்களுக்கு ஆர்டரும் பிடித்தார். மில்வாக்கியில் ஃபேக்டரி போட்டு வேலை நடந்தது. அங்கேதான் அடி விழுந்தது. பேரலின் உள்விட்டம் 0.42 அங்குலமா, 0.44 அங்குலமா என்பதில் குழப்பம். ராணுவம் சரக்கை வாங்க மறுத்துவிட்டது. ஒர்க்‌ஷாப் லேபில் டைமென்ஷன் தப்பினால் ஜாபைத் திரும்பச் செய்துவிடலாம். அவருக்கு ஃபேக்டரியே கையை விட்டுப் போனது.

ரெமிங்டன் கம்பெனிக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். 1879-ல் காப்புரிமை பெற்றதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை: கழற்றி மாட்டும் மேகசின். அதுக்கு முன்னாடி தோட்டாக்களை ஒரு குழாயில் வரிசையாக அடுக்குவார்கள். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் முதுகில், சரியா பிரைமர் மேலேயே, இடித்துக்கொண்டு நிற்கும். நிரப்பவும் நேரமாகும். லீ தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தகரப் பெட்டியில் வைத்து, அடியில் ஒரு ஸ்பிரிங் போட்டார். போல்ட்டைப் பின்னால் இழுத்தால் அடுத்தது தானாக மேலே வரும். வாட்ச்காரர் மூளை இல்லையா, ஸ்பிரிங்கை நம்பாமல் வேறு எதை நம்பும்?

அமெரிக்கக் கடற்படை கொஞ்சம் வாங்கியது. ஆனால் 1888-ல் பிரிட்டன்தான் இதைத் தன் ராணுவத்துக்கே எடுத்துக்கொண்டது. பேரலின் உள்வரிகள் வில்லியம் மெட்ஃபோர்டுடையவை. அவர் நம்ம சிவில் டிபார்ட்மெண்ட் ஆள், 1857-ல் இந்தியாவில் கிழக்கிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். புதுசா வந்த கார்டைட் மருந்தின் சூட்டில் அந்த ஆழமில்லாத வரிகள் சீக்கிரம் தேய்ந்தன. என்ஃபீல்டு ஆலை ஆழமான ஐந்து வரிகளைப் போட்டது. 1895-ல் லீ-மெட்ஃபோர்டு, லீ-என்ஃபீல்டு ஆனது. மெட்ஃபோர்டு பெயர் போச்சு, லீ பெயர் நின்றது.

1904 பிப்ரவரியில் கனெக்டிகட்டில் லீ இறந்தார். நான் தூக்கிய மார்க் 3 வந்தது 1907-ல், அதை அவர் பார்க்கவே இல்லை. வங்காளத்தில் இஷாப்பூரின் பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் ரைஃபிள் ஃபேக்டரி தொடங்கியதும் அதே 1904-ல்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய், ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் அசோகச் சிங்கமும் வந்தன. 1960-களில் அதே லீ போல்ட்டை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி, மேகசினையும் பத்திலிருந்து பன்னிரண்டாக்கினார்கள்.

ஒவ்வொரு போல்ட்டையும் அதன் பாடிக்குப் பொருத்திப் பார்த்து, ரெண்டிலும் ஒரே நம்பர் அடிப்பது வழக்கம். இடைவெளி பிசகினால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சுடுபவன் முகத்துக்கே ஆபத்து. கடைசி பரேட் அன்னைக்குத்தான் என் துப்பாக்கியில் அதைத் தேடிப் பார்த்தேன். பாடியில் ஒரு நம்பர், போல்ட்டில் வேற நம்பர். அந்த போல்ட் வேறு எந்தத் துப்பாக்கியில், எந்தச் சிப்பாய் கையில் இருந்துச்சோ. எண்ணெய்த் துணியால துடைச்சு ஸ்டோர்ல வச்சிட்டு வந்தேன்.