எல்மர் கீத்தும் 2400-ம்

'டர்ட்டி ஹேரி' படம் பார்த்திருக்கீங்களா? கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருக்கிற அந்த .44 மேக்னத்துக்குப் பின்னால ஒரு கௌபாய் இருக்கார்: எல்மர் கீத் (1899–1984).

அமெரிக்காவின் மிசௌரியில் பிறந்தவர். 12 வயசுல ஒரு ஹோட்டல் தீ விபத்துல இடது கை வெந்து, விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. அப்பாதான் உடைச்சு நிமிர்த்தினார். (டைப் பண்றப்பவே எனக்குக் கை கூசுது.)

1925 ஜூலை 4, அவங்க சுதந்திர தினம். பழைய கோல்ட் .45 ரிவால்வரில், தானே நிரப்பிய தோட்டாவைக் கொண்டாட்டமா சுட்டார். உள்ளே கருமருந்து, அளவுக்கு மீறின கனமான குண்டு. சிலிண்டரின் மேல்பாதி பறந்துபோச்சு! ஆள் தப்பினார். பிறகு சிலிண்டர் சுவர் தடிமனான .44 ஸ்பெஷலுக்கு மாறி, அதுக்கு ஈயக் குண்டும் தானே வடிவமைத்தார். எந்த மருந்து போடுறது?

வேகமா எரியும் மருந்து, குண்டு நகரத் தொடங்கும்போதே அழுத்தத்தை உச்சத்துக்கு ஏத்திடும். மெதுவா எரிவது, குண்டு குழாயில் ஓட ஓடப் பின்னாலேயே தள்ளும். அதே உச்ச அழுத்தத்தில் அதிக வேகம். அதனால்தான் 1930-களில் வந்த ஹெர்குலிஸ் '2400'-ஐ கீத் பிடிச்சுக்கிட்டார். ஆனா அதையே குறைச்சுப் போட்டா அழுத்தம் ஏறாது, எரியாத துகள்கள் மிஞ்சும். நடுத்தர வேகம் போதும்னா, 'யுனிக்' மாதிரி கொஞ்சம் வேகமானதுதான் சரி.

பல வருஷம் கம்பெனிகளை நச்சரிச்சு, 1955 கடைசியில் .44 மேக்னம் வந்தது. கூடவே வந்த தோட்டாவில் ஈயம் ரொம்ப மிருது, குழாய்க்குள்ள அப்பிக்கிச்சு. கீத் பழையபடி தன் குண்டு அச்சையும் 2400-ஐயும் எடுத்தார்.