ம. சிங்காரவேலு செட்டியார்

மே தினத்தன்று செங்கொடியின் கீழ்ச் சிங்காரவேலரின் படத்தைக் காணும் நம் இளைஞர்கள், அவர் ஒரு காலத்தில் பௌத்தராக விளங்கினார் என்றால் வியப்படைகின்றனர். முதியோர் சிலரோ, தன்மத்தைக் கைவிட்டுச் சென்றவர் என்று ஒரே சொல்லில் அவரை ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டும் அவரை முழுதும் அறியாமையால் விளைவன.

அவர் 1860 பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். செட்டியார் என்ற பட்டத்தைக் கண்டு வணிக சாதியினர் என எண்ணற்க. அவர் மீனவர் குலத்தவர். மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றுப் பின்னர் வழக்கறிஞரானார்.

1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய நாட்களில், துணைநின்ற கற்றோருள் பேராசிரியர் லட்சுமிநரசுவும் சிங்காரவேலரும் முதன்மையானோர். மகாபோதி சங்கத்தின் சென்னைக் கிளைக் கூட்டங்கள் சிங்காரவேலரின் கடற்கரை இல்லத்தில் நடைபெற்றன. நாளடைவில் பண்டிதருக்கும் இவ்விருவருக்கும் கருத்து வேற்றுமை தோன்றிற்று. பண்டிதர் பூர்வ பௌத்தரின் வரலாற்றை மீட்டு, மணவினை, விழா முதலியவற்றால் ஒரு சமூகத்தைக் கட்ட முனைந்தார்; இவர்களோ பகுத்தறிவு ஆராய்ச்சியையே மேலாகக் கொண்டனர். 1907-இல் மாரிக்குப்பத்தில் கிளைச் சங்கம் கண்ட நம் முன்னோர் பண்டிதர் வழி நின்றனர். ஒடுக்கப்பட்ட மக்களை வெறும் ஆராய்ச்சியால் ஒன்றுசேர்த்தல் அரிது. இதில் பண்டிதர் பக்கமே நியாயம் இருந்ததென்பது என் கருத்து.

ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, 1921-இல் வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டார். 1922 இறுதியில் கயா காங்கிரசில் தம்மைப் பொதுவுடைமையாளர் என்றே அறிவித்துத் தொழிலாளருக்காகப் பேசினார். 1923 மே முதல் நாள், உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1924-இல் கான்பூர் சதி வழக்கில் சேர்க்கப்பட்டும் நோயின் காரணமாக விசாரணைக்கு உட்படவில்லை. மறு ஆண்டு அதே கான்பூரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார்.

1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் கைதானபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு. பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பெற்றது. பின்னர் அது குறைக்கப்பட்டு 1930-இல் விடுதலையானார். அதே ஆண்டில்தான் நம் தங்கவயல் தொழிலாளர், விரல்ரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தினர்.

அவர் தன்மத்தை விட்டாரா? படைத்த கடவுள் உண்டென்றோ, பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டென்றோ அவர் பிற்காலத்தில் ஒருநாளும் ஒப்பியதில்லை. துக்கத்தின் காரணத்தை மட்டும் வேறிடத்திலும் தேடினார். வேட்கையே துக்கத்தின் வேர் என்று நாம் ஓதுகிறோம். ஆயின் சுரங்கத் தூசியால் நுரையீரல் இற்றுப்போன தொழிலாளியின் துன்பத்திற்கு யாருடைய வேட்கை காரணம்? அவனுடையதன்று. இவ்வினாவைத் தங்கவயலில் வாழ்ந்த பௌத்தர் எவரும் எளிதில் தள்ளிவிட இயலாது.

1932 இறுதியில் ஈரோட்டில் பெரியாரோடு சேர்ந்து சமதர்மத் திட்டம் வகுத்தார். குடி அரசு இதழில் அறிவியல் கட்டுரைகள் பல எழுதினார். 1926 முதல் தங்கவயலில் தமிழன் இதழை மீண்டும் நடத்திய நம் அப்பாதுரையாரும் சுயமரியாதை இயக்கத்தோடு தோழமை பூண்டவர். பிரிந்த பாதைகள் அங்கே மறுபடியும் நெருங்கின.

1946 பிப்ரவரி 11-ஆம் நாள் சிங்காரவேலர் மறைந்தார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் முதல் மே தினம் கொண்டாடிய உயர்நீதிமன்றக் கடற்கரை அங்கிருந்து தொலைவில் இல்லை.