யார் இந்த ‘ஜம்போ’ மஜும்தார்? வேவு பார்க்கும் விமானத்தில் குண்டு கட்டிப் பறந்த இந்தியர்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றாலே கார் கம்பெனிகளும் ஷிஃப்ட் பஸ்ஸும்தான் நம்ம நினைவுக்கு வரும். அங்கே வல்லம் வடகால் சிப்காட்டில்தான் ட்ரோன்களைச் சோதிக்கும் மையத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. போர்க்களத்தில் ட்ரோனுக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு. நம்ம பீரங்கிக் குண்டு எங்கே விழுந்தது, இன்னும் எவ்வளவு தள்ளி அடிக்கணும் என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்வது.

ஒரு காலத்தில் இதை மனுஷங்கதான் செஞ்சாங்க. மெதுவா, தாழ்வா, கீழே இருக்கிறவன் துப்பாக்கிக்கு எட்டுற உயரத்தில் பறந்துகிட்டே!

1932-ல் தொடங்கிய இந்திய விமானப்படையின் ஆரம்ப கால வேலையே இதுதான்: தரைப்படைக்குக் கண்ணாக இருப்பது. அதில் சேர்ந்த முதல் தலைமுறை இந்திய பைலட்களில் ஒருவர் கருண் கிருஷ்ண மஜும்தார். 1913-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ.சி.பானர்ஜியின் மகள் வழிப் பேரன். இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் படிச்சவர். கூட இருந்தவங்க வெச்ச பேர்தான் ‘ஜம்போ’.

பர்மாவில் நடந்தது என்ன?

1942 பிப்ரவரி 1. மஜும்தார் தலைமையில் 1-வது ஸ்குவாட்ரன் பர்மாவின் டவுங்கூ தளத்தில் இறங்குது. ஜப்பான் படை முன்னேறிக்கிட்டு இருந்த நேரம். ரங்கூனில் இருந்த நம்ம தமிழர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு, மலை வழியா ஊருக்கு நடந்து வந்தாங்களே, அதே மாதங்கள்தான்.

இவங்க கையில் இருந்தது ‘லைசாண்டர்’ விமானம். வேவு பார்க்கவும் பீரங்கிக்குக் குறி சொல்லவும் செய்யப்பட்டது. அதிகபட்ச வேகமே மணிக்கு சுமார் 340 கிலோமீட்டர். ஜப்பானிய ஃபைட்டர் விமானங்கள் இதைவிட ரொம்ப வேகம். துரத்தினா தப்பிக்க வழியே இல்லை.

வந்து இறங்கின கையோட டவுங்கூ தளத்தில் ஜப்பான் குண்டு போட்டது. பதிலுக்கு என்ன செய்யலாம்? ஃபைட்டரும் இல்லை, பாம்பரும் இல்லை. மறுநாளே மஜும்தார் ஒரு லைசாண்டரில் 250 பவுண்டு குண்டுகள் இரண்டைக் கட்டிக்கிட்டு, தாய்லாந்தில் இருந்த மே ஹாங் சான் ஜப்பானியத் தளத்துக்குக் கிளம்பிட்டார். தனி ஆளா போறாரேன்னு பிரிட்டிஷ் விமானப்படையின் இரண்டு ‘பஃபலோ’ ஃபைட்டர்கள் துணைக்குப் போச்சு. தாழப் பறந்து போய், விமானக் கொட்டகை மேலேயே குண்டைப் போட்டுட்டுத் திரும்பினார். அதுக்கு அடுத்த நாள் ஸ்குவாட்ரனையே கூட்டிக்கிட்டு மறுபடி போனார். இதை வெறும் துணிச்சல்னு சொல்லிட முடியாது. முதலில் தானே போய்ப் பார்த்துட்டு, அப்புறம்தான் மற்றவங்களை அழைச்சுக்கிட்டுப் போயிருக்கார்.

பர்மா கைவிட்டுப் போனது, அது வேற கதை. மஜும்தாருக்கு டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் கிடைத்தது. விங் கமாண்டர் ஆன முதல் இந்தியரும் அவர்தான்.

அதோட ஆபீஸில் உட்கார்ந்திருக்கலாம். ஆனா 1944-ல் தானா கேட்டு ஐரோப்பியப் போர்முனைக்குப் போனார். பிரிட்டனின் 268-வது ஸ்குவாட்ரனில் மறுபடி அதே கண் வேலை. இந்தத் தடவை வேகமான மஸ்டாங், டைஃபூன் விமானங்கள். பிரான்ஸில் சீன் நதிப் பாலங்களைத் தாழப் பறந்து படம் எடுத்தார். ஃபலேஸில் ஜெர்மன் படை சிக்கிக்கிட்டப்போ அதன் நடமாட்டத்தை வேவு பார்த்தார். பாலம் இருக்கா, உடைஞ்சிருக்கா என்கிற ஒரு ஃபோட்டோவை நம்பித்தான் கீழே ஆயிரக்கணக்கான வீரர்கள் நகரணும். அதே பதக்கம் இரண்டாவது முறையும் வந்தது.

இத்தனை சண்டையிலும் தப்பிச்சவருக்கு முடிவு வந்தது போரில் இல்லை. 1945 பிப்ரவரி 17 அன்று லாகூரில் ஹரிக்கேன் விமானத்தில் சாகசம் செய்தபோது விழுந்து இறந்தார். வயது 31. இரண்டரை வருஷத்தில் இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைச்சுது. அவர் விழுந்த லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு.